பழைய கணினியும் புதிய வரைகலையும்: "இதில் ஓடுமா?" என்ற கேள்வி

சிலாபத்திலும் தெற்கே மாறவில, வென்னப்புவ வரையிலும் இத்தாலியில் உழைக்கும் உறவினர் உள்ள குடும்பங்கள் நிறைய. விடுமுறைக்கு வருபவர்களின் பெட்டியில் சொக்கலேட்டுக்கும் உடுப்புக்கும் நடுவே பாவித்த மடிக்கணினி ஒன்றும் இருக்கும். விசைப்பலகையில் தலைக்கு மேல் கோடு போட்ட உயிரெழுத்துகள். திரையில் எல்லாம் இத்தாலிய மொழி. சென்ற வருடம் உயர்தரம் படிக்கும் உடப்புத் தம்பி ஒருவன் அப்படியொன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். "அண்ணன், மாமா குடுத்தது. பிளெண்டர் போட்டன், திறக்குதில்ல. மெஷின் பழுதோ?" என்றான்.

மெஷினில் பழுது எதுவும் இல்லை. இன்டெல் ஐ5, இரண்டாம் தலைமுறை, 2011ஆம் ஆண்டுச் சரக்கு. நான்கு ஜிபி நினைவகம். வன்தட்டு நலமாக இருந்தது. பிளெண்டர் முப்பரிமாணப் படம் செய்யும் மென்பொருள். அவன் போட்டுப் பார்த்த பிளெண்டர் பதிப்புக்கும் அந்தக் கணினியின் வரைகலைச் சில்லுக்கும்தான் பொருந்தவில்லை. இந்தப் பொருத்தத்தை முன்கூட்டியே பார்க்க வழிகள் உண்டு. பெரும்பாலும் ஐந்து நிமிட வேலை. ஆனால் எங்கள் பக்கத்தில் பலர் அதைப் பார்க்காமலே நல்ல கணினியைப் பழைய இரும்புக்குப் போடுகிறார்கள், அல்லது உதவாத கணினிக்கு உழைத்த காசைக் கொடுக்கிறார்கள். 2022இல் மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. புதுக் கணினி வாங்கும் எண்ணத்தை அந்த வருடத்தோடு விட்ட வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீடுகளில் இருப்பது பழைய கணினிதான். அதனால் இந்தக் கேள்வியை ஒழுங்காக விசாரிக்க வேண்டியிருக்கிறது.

வரைகலை மென்பொருள் ஒன்று திறக்க வேண்டுமானால் நான்கு வாசல்களைத் தாண்ட வேண்டும்: செயலி, வரைகலைச் சில்லு, அந்தச் சில்லுக்கான ட்ரைவர், இயக்கமுறைமை. ஒரு வாசல் அடைபட்டாலும் திரையில் வருவது ஒரே மாதிரியான மறுப்புச் செய்திதான். எந்த வாசல் என்று தேடுவதுதான் பரிசோதனை.

சில்லிலிருந்து தொடங்குவோம். 1992இல் சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனம் ஓபன்ஜிஎல்லை வெளியிட்டது. படம் வரையும் மென்பொருளும் வரைகலை வன்பொருளும் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி அது. மைக்ரோசொஃப்ட் தன் பங்குக்கு டிரெக்ட்எக்ஸைக் கொண்டுவந்தது; 2016இல் வல்கன் சேர்ந்தது. ஒவ்வொரு புதிய பதிப்பும் புதிய சொற்களை இந்த மொழிகளில் சேர்க்கிறது. ஆரம்பகால வரைகலை அட்டைகளுக்கு நிலையான சில கட்டளைகள் மட்டுமே தெரியும். 2001இல் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 3 வந்த பிறகுதான் நாமே சிறு நிரல் எழுதி அட்டைக்குள் ஓட்டும் காலம் பிறந்தது. சில்லில் இல்லாத ஒரு சுற்றை மென்பொருளால் பொறிக்க முடியாது. செயலியை வைத்து அதைப் போலச் செய்து காட்டலாம், ஆனால் நத்தை வேகத்தில். லினக்ஸ் உலகில் மேசா என்ற திட்டம் அப்படியொரு மாற்று வழியை வைத்திருக்கிறது. மென்பொருளைத் திறந்து பட்டிகளைப் பார்க்க அது போதும்; வேலை செய்யப் போதாது.

இனி, கடைகளில் அதிகம் ஏமாற்றும் ஒரு வரியைப் பற்றி. விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து "டிஎக்ஸ்டயக்" என்று அதன் ஆங்கில எழுத்துகளில் அடித்தால் ஒரு சாளரம் வரும். முதல் தாளின் அடியில் "டிரெக்ட்எக்ஸ் பதிப்பு: 12" என்று இருக்கும். விற்பவர் அதைக் காட்டி, "பாருங்க, பன்னிரண்டு இருக்கு" என்பார். அவர் பொய் சொல்வதில்லை. அவருக்கே அப்படித்தான் விளங்கியிருக்கிறது. ஆனால் அந்த எண் விண்டோஸ் 10 தன்னோடு கொண்டுவந்த டிரெக்ட்எக்ஸின் எண். அட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பத்து வருடத்துக்கு முந்திய சில்லை வைத்திருக்கும் கணினியிலும் அதே 12தான் வரும். நாம் பார்க்க வேண்டியது இரண்டாவது தாளான "டிஸ்பிளே". அங்கே வலப்பக்கத்தில் "ஃபீச்சர் லெவல்ஸ்" என்றொரு வரி. அதில் 12_1, 12_0, 11_1 என்று எண்கள் இறங்குவரிசையில் நிற்கும். முதலில் நிற்கும் எண்தான் அந்த அட்டையின் உண்மையான உயரம். அந்த வரிசை 10_1இல் தொடங்கினால், முதல் தாளில் என்ன எழுதியிருந்தாலும் அது 10.1 அட்டை. பாவித்த கணினி வாங்கப் போகிறவர் இந்த ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வைத்தால்கூடப் பாதி ஏமாற்றம் தவிரும்.

ஓபன்ஜிஎல் எண்ணை டிஎக்ஸ்டயக் சொல்லாது. அதற்கு "ஓபன்ஜிஎல் எக்ஸ்டென்ஷன்ஸ் வியூவர்" என்ற இலவசக் கருவி இருக்கிறது. லினக்ஸில் "ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ" கட்டளை. அட்டையின் மொத்தச் சாதகமும் வேண்டுமென்றால் "ஜிபியூ-இசட்". செயலிக்கு "சிபியூ-இசட்".

இந்தக் கருவிகளில் ஓபன்ஜிஎல் 1.1 என்றும், தயாரிப்பாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மைக்ரோசொஃப்ட் என்றும் வந்தால் பதற வேண்டாம். விண்டோஸைப் புதிதாகப் போட்டவர் அட்டைக்குரிய ட்ரைவரைப் போடாமல் விட்டிருக்கிறார். விண்டோஸ் தன் கையிலிருக்கும் அடிப்படை ட்ரைவரால் சமாளித்துக்கொண்டிருக்கிறது. டிவைஸ் மனேஜரில் "மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடப்டர்" என்று இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். "கார்ட் செத்துப்போச்சு" என்று என்னிடம் வந்த கணினிகளில் பலவற்றுக்கு இந்த ட்ரைவர் ஒன்றுதான் மருந்தாக இருந்தது.

ட்ரைவரின் கை நீளமானது. 2019 ஏப்ரலில் என்விடியா வெளியிட்ட ஒரு ட்ரைவர், ஒளிக்கதிர்த் தடங்காணலை ஜிடிஎக்ஸ் 1060 போன்ற அட்டைகளுக்கும் திறந்துவிட்டது. அதற்கென்று தனிச் சுற்றுகள் ஆர்டிஎக்ஸ் அட்டைகளில்தான் உண்டு. ஆகவே பழைய அட்டைகள் மெதுவாகத்தான் செய்தன. ஆனாலும் செய்தன. மறுபக்கமும் நடந்திருக்கிறது. நான்காம் தலைமுறை இன்டெல் சில்லுகளில் டிரெக்ட்எக்ஸ் 12 ஓரளவுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டதால், இன்டெல் பின்னர் தன் ட்ரைவரில் அதை முடக்கிவிட்டது. நேற்று ஓடிய விளையாட்டு இன்று திறக்கவில்லை என்றால், கணினிக்கு வயது போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் ட்ரைவர் மாறியதா என்று கேட்க வேண்டும்.

எங்கள் ஊரில் அலுவலகப் பாவனை முடிந்து வரும் டெல், எச்பி மேசைக் கணினிகள்தான் அதிகம். மாணவர்கள், தையற்கடைகள், அச்சகங்கள் எல்லோரும் அவற்றைத்தான் வாங்குகிறார்கள். தனி அட்டை இருக்காது; இன்டெல் செயலிக்குள் இருக்கும் வரைகலைதான். ஆகவே செயலியின் தலைமுறை எண் தெரிந்தால் முக்கால்வாசி விடை தெரிந்த மாதிரி. இரண்டாம் தலைமுறை, 2011: டிரெக்ட்எக்ஸ் 10.1, விண்டோஸில் ஓபன்ஜிஎல் 3.1. மூன்றாம் தலைமுறை, 2012: டிரெக்ட்எக்ஸ் 11, ஓபன்ஜிஎல் 4.0. நான்காம் தலைமுறை, 2013: ஃபீச்சர் லெவல் 11_1, ஓபன்ஜிஎல் 4.3. ஆறாம் தலைமுறை, 2015: இங்கேதான் ஃபீச்சர் லெவல் 12க்கு ஏறுகிறது. இவற்றுக்கு முந்திய கோர் 2 டுவோ கணினிகளின் தாய்ப்பலகையில் இருக்கும் ஜிஎம்ஏ எக்ஸ்4500 சில்லு ஓபன்ஜிஎல் 2.1உடன் நின்றுவிடும்.

இந்த எண்களைப் பிளெண்டரின் வாசலில் வைத்துப் பாருங்கள். 2.79 பதிப்புக்கு ஓபன்ஜிஎல் 2.1 போதும், கோர் 2 டுவோவும் உள்ளே போகலாம். 2019 ஜூலையில் வந்த 2.80 தன் முகப்பையே மாற்றி எழுதியது, ஓபன்ஜிஎல் 3.3 கேட்டது. உடப்புத் தம்பியின் கணினி நின்றது அங்கேதான்: 3.1க்கும் 3.3க்கும் நடுவே இரண்டு தசமம். 2023 நவம்பரில் வந்த 4.0 அந்தக் கோட்டை 4.3க்கு உயர்த்தியது, அத்தோடு மூன்றாம் தலைமுறையும் வெளியே. நான்காம் தலைமுறை விண்டோஸ் ட்ரைவரில் கோட்டை மயிரிழையில் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மென்பொருளின் பெயரை மட்டும் சொல்லி "ஓடுமா?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. பதிப்பு எண்ணையும் சேர்த்துக் கேட்டால் பதில் உடனே கிடைக்கும்.

போட்டோஷொப்பின் கணக்கு வேறு. வரைகலைச் சில்லை அது முதன்முதலாகப் பாவித்தது 2008இல் வந்த சிஎஸ்4 பதிப்பில். இன்றைய பதிப்புகள் டிரெக்ட்எக்ஸ் 12ஐயும் 1.5 ஜிபி வரைகலை நினைவகத்தையும் குறைந்தபட்சமாகக் கேட்கின்றன. ஆனால் சில்லு தேறாவிட்டாலும் போட்டோஷொப் கதவைச் சாத்திவிடாது. எண்ணெய் ஓவிய வடிகட்டி, தாளைச் சுழற்றிப் பார்ப்பது போன்ற சிலவற்றை மங்கலாக்கிவிட்டு மற்றதை ஓட விடும். கலியாண அட்டை செய்பவருக்கு அந்த இழப்பு தெரியவே தெரியாது. முகத்தை மாற்றும் நியூரல் வடிகட்டிகளை நம்பி வேலை எடுப்பவருக்குத் தெரியும். உதவிப் பட்டியில் "ஜிபியூ கம்பாட்டிபிலிட்டி" என்றொரு வரியை அடோபி வைத்திருக்கிறது. அதை அழுத்தினால் எது தேறியது, எது தேறவில்லை என்று போட்டோஷொப்பே ஒவ்வொன்றாகச் சொல்லும்.

செயலியின் வாசலை எல்லோரும் மறக்கிறார்கள். போட்டோஷொப்பின் அண்மைய பதிப்புகளுக்கு எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுதி வேண்டும், பிளெண்டரும் 4.2 பதிப்பிலிருந்து அதைக் கட்டாயமாக்கியது. கோர் 2 டுவோவில் அது கிடையாது. அதற்கு எவ்வளவு நல்ல அட்டையைப் பூட்டினாலும் இந்த வாசல் திறக்காது. சிபியூ-இசட்டில் "இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்" என்ற வரியைப் பார்த்துவிட்டு அட்டைக்குக் காசு கொடுங்கள்.

அட்டை வாங்குவது என்றால் கொழும்புக்குப் போய் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்குவதுதான் வழக்கம். பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாத அட்டைகள் சில இருக்கின்றன. ஜிடி 730 என்ற ஒரே பெயரில் 2014இல் என்விடியா இரண்டு வேறு சில்லுகளை விற்றது: ஒன்று ஃபெர்மி வகை, 96 கோர், மற்றது கெப்ளர் வகை, 384 கோர். ஃபெர்மிக்கு வல்கன் கிடைக்கவே இல்லை. பெட்டியின் மேல் இரண்டும் ஜிடி 730தான். ஜிடி 1030இலும் இதே கதை. 2017இல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தது, அடுத்த வருடம் வந்த டிடிஆர்4 வகை அதைவிட மிகவும் மெதுவானது. இன்னும் மோசம், போலி அட்டைகள். ஜிடிஎஸ் 450 போன்ற பழைய அட்டையின் பயோஸைத் திருத்தி 1050 டிஐ என்று பெயர் மாற்றி விற்பார்கள். விண்டோஸும் அந்தப் பெயரையே நம்பிக் காட்டும். 2018இலிருந்து ஜிபியூ-இசட் அப்படிப்பட்டவற்றை அடையாளம் கண்டு, பெயருக்கு முன்னால் போலி என்று போட்டுவிடுகிறது. கருவியைப் பென்டிரைவில் கொண்டுபோய் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். நேர்மையான கடைக்காரர் தடுக்க மாட்டார்.

அலுவலகத்திலிருந்து வரும் ஒல்லிப் பெட்டிக் கணினிகளுக்கு இன்னொரு வரம்பு உண்டு. முழு உயர அட்டை உள்ளே போகாது. மின்வழங்கியில் அட்டைக்கென்று தனி வயரும் இருக்காது. செருகுவாயிலிருந்து கிடைக்கும் 75 வாட்டுக்குள் அடங்கும் குட்டை அட்டைதான் வேண்டும். 30 வாட் எடுக்கும் ஜிடி 1030 எங்கள் பக்கத்தில் ஓடித்திரிவதற்குக் காரணம் இதுதான். அதன் ஃபீச்சர் லெவல் 12_1, நினைவகம் 2 ஜிபி. நான்காம் தலைமுறைக் கணினி ஒன்றைப் போட்டோஷொப்பின் கோட்டுக்கு மேலே தூக்கிவிட அது போதும்.

இயக்கமுறைமை வாசலை விரைவாகவே கடக்கலாம். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. குரோம் உலாவி 109ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. விண்டோஸ் 10இன் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, இன்டெல்லில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும் கேட்கிறது. ஏழாம் தலைமுறை வரையான கணினிகளை வைத்திருப்பவர்களுக்கு, வரைகலை தேறினாலும் இந்த வாசல் இறுக்கம். லினக்ஸ் அங்கேதான் கை கொடுக்கிறது. பழைய இன்டெல் சில்லுகளுக்கு விண்டோஸ் ட்ரைவர் எழுதுவதை நிறுவனம் நிறுத்திவிட்ட பிறகும், மேசாவில் ஆட்கள் தொடர்ந்து எழுதினார்கள். அதனால்தான் விண்டோஸில் 3.1 காட்டும் இரண்டாம் தலைமுறைச் சில்லு லினக்ஸில் 3.3 காட்டுகிறது. அதே சில்லு, அதே கம்பி, அதே மின்சாரம்.

இதுவரை சொன்னதெல்லாம் எந்த ஊருக்கும் பொதுவானது. தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பெரிய விஷயம் மிச்சம் இருக்கிறது. எனக்கு மனதில் அதிகம் உறுத்துவதும் அதுதான்.

முன்னேஸ்வரம் கோயில் திருவிழாக் காலத்தில் சிலாபத்து அச்சகங்களுக்குத் தூக்கம் இல்லை. பதாகை, துண்டுப்பிரசுரம், உபயகாரர் பட்டியல் எல்லாம் ஒன்றாக வரும். வாசகங்கள் இப்போது வட்ஸ்அப்பில் யுனிகோட் எழுத்தில் வருகின்றன. பழைய போட்டோஷொப்பில் அவற்றை ஒட்டினால் என்ன நடக்கும்? "முன்னேஸ்வரம்" என்ற சொல்லில் னகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஏகாரக் கொம்பு, னகரத்தைத் தாண்டிப் பின்னால் போய் ஸகரத்தை ஒட்டிக்கொள்ளும். வாசித்தால் கோயிலின் பெயரே மாறிவிடும். ஒருமுறை ஐந்நூறு பிரசுரங்கள் அப்படி அச்சேறிவிட்டன. பிழை பார்த்தவர் மூலப் பிரதியைக் கைபேசியில் பார்த்தார். கைபேசியில் சரியாகத்தான் இருந்தது. ஐயரிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்த நாளை இன்றும் நினைத்தால் எனக்கு முகம் சுடுகிறது.

கணினிக்குள் யுனிகோட் தமிழ் ஒலி வரிசையில் இருக்கிறது: முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. கொம்பை இடப்பக்கம் நகர்த்தி வரைவது எழுத்துரு வடிவமைக்கும் பொறியின் வேலை. அந்தப் பொறி இல்லாத பழைய மென்பொருள்கள் குறியீடுகளை வந்த வரிசையிலேயே வரைந்துவிடும். பாமினி எழுத்துருவில் இந்தத் தொல்லை இல்லை. அதில் நாமே கொம்பை முதலில் அடிக்கிறோம், கணினி அதை ஆங்கில எழுத்து என்று நினைத்து அப்படியே போடுகிறது. இலங்கை அச்சகங்கள் பேஜ்மேக்கர் காலத்திலிருந்து பாமினியை விடாததற்கு இதுதான் காரணம். சிங்களத்தில் எஃப்எம் அபய எழுத்துருவுக்கும் இதே இடம். இரண்டு மொழியும் ஒரே பதாகையில் வரும் எங்கள் ஊரில் இரண்டு சிக்கலும் ஒரே மேசையில் வரும். தமிழ்க் குறிமுறைக்கு 2008இலேயே இலங்கையில் எஸ்எல்எஸ் 1326 தரம் வந்துவிட்டது. இருந்தும் மரண அறிவித்தல்களும் ஆண்டு மலர்களும் இன்னும் பாமினியில்தான் கிடக்கின்றன. அந்தக் கோப்புகளுக்குள் ஒரு பெயரைத் தேட முடியாது. எடுத்துக் கைபேசியில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியல் வரும்.

யுனிகோட் தமிழைச் சரியாக வரைய எந்த வரைகலை அட்டையும் தேவையில்லை. ஃபீச்சர் லெவலும் வேண்டாம், வல்கனும் வேண்டாம். எழுத்தை ஒழுங்குபடுத்தும் பொறி செயலியிலேயே ஓடுகிறது. கோர் 2 டுவோவுக்கும் அது சுமையாகாது. அடோபி மென்பொருள்களில் சிஎஸ்6 காலத்துக்குப் பிறகு வந்த பதிப்புகளில், விருப்பத்தெரிவுகளுக்குள் தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவு இருக்கிறது. அதைத் தேர்ந்தால் கொம்பு தன் இடத்துக்கு வரும். கிம்ப், இன்க்ஸ்கேப் இரண்டும் ஹார்ஃப்பஸ் என்ற திறந்த பொறியைப் பாவிப்பதால் யுனிகோட் தமிழைச் சரியாகவே வரைகின்றன. கிம்ப் 2.10 விண்டோஸ் 7 கணினியிலும் ஓடும். அச்சகத்துக்கு நான்கு நிறப் பிரிப்பு வேண்டுமே என்பவர்களுக்கு ஸ்கிரைபஸ் இருக்கிறது. 2024 தொடக்கத்தில் வந்த 1.6 பதிப்பில் எங்கள் எழுத்தும் கட்டுக்கோப்பாக நிற்கிறது. மூன்றும் இலவசம். "எங்கட மெஷின் பழசு, யுனிகோட் வராது" என்று சொல்லும் அச்சக நண்பர்களிடம் நான் வாதாடுவது இதற்காகத்தான். பழையது அங்கே மென்பொருள், கணினி அல்ல. ஒரு நாள் மாலை உட்கார்ந்து ஸ்கிரைபஸில் ஒரு துண்டுப்பிரசுரம் செய்து பாருங்கள் என்று கேட்கிறேன், அவ்வளவுதான்.

கடலோரத்தில் இருப்பவர்கள் கடைசியாக ஒன்றைப் பார்க்க வேண்டும். எண்கள் எல்லாம் தேறிய அட்டையும் இங்கே சூட்டில் விழலாம். உப்புக் காற்று தூசியோடு சேர்ந்து வெப்பக் கடத்தியின் தகடுகளுக்கிடையில் ஈரப் பாசி போலப் படிகிறது. காற்றாடி சுழலும், காற்று வராது. அட்டையைக் கழற்றினால் செருகும் பற்களில் மங்கலான பச்சை. அதைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து, தகடுகளைத் தூரிகையால் சுத்தம் செய்து, ஃபர்மார்க் போன்ற பரிசோதனையைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூட்டைக் கவனிக்க வேண்டும். ஏறி ஏறிப் போய் ஓரிடத்தில் நின்றால் நல்லது. நிற்காமல் ஏறினால் உடனே நிறுத்துங்கள்.

உடப்புத் தம்பியின் மடிக்கணினியிலும் அந்தப் பாசி இருந்தது. காற்றாடியைக் கழற்றித் துடைத்தோம். இத்தாலிய விண்டோஸை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கம் லினக்ஸ் போட்டோம். ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ 3.3 என்று காட்டியது. பிளெண்டர் 2.83 திறந்தது, முகப்பு கொஞ்சம் தயங்கித் தயங்கி அசைந்தது, ஆனால் அசைந்தது. அவன் முதலில் வரைந்தது கரைவலை வள்ளம் ஒன்று. அப்பாவுடைய வள்ளத்தை அளந்து, அணியத்தின் வளைவைப் பலகை பலகையாக எடுத்திருந்தான். பிளெண்டரின் ஈவி என்ற படமாக்கும் பொறியில் பார்த்தால் திரை நடுங்குகிறது என்பதால், செயலியிலேயே ஓடும் சைக்கிள்ஸ் என்ற மற்றப் பொறியில் படமெடுக்கிறான். ஒரு படத்துக்கு நாற்பது நிமிடமாம். இரவு படிப்பு முடிந்ததும் ஓட்டிவிட்டுப் படுக்கிறான்; விடியும்போது படம் வந்திருக்கும் என்றான்.